இந்தக் குழலை அடைக்க விடமாட்டேன்

நான் அந்தச் சூட்டுக் கழகத்துக்குள் முதன்முதலில் போனது துவக்குச் சுடுவதற்கு அல்ல, கக்கூசுக்கு.

ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். ஒரு வழித்தடத்தின் கடைசித் தரிப்பிடம் நகரத்தின் ஓரத்தில், காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினால் கொஞ்ச நேரம் ஓய்வு. ஆண் சாரதிகள் மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வருவார்கள். நான் எங்கே போவது? நிர்வாகத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. எதிரே ஒரு கட்டடம் இருந்தது, வாசலில் இலக்குப் பலகையின் படம். கதவைத் தட்டிக் கக்கூஸ் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அதற்குப் போகும் வழியில், பியர் ஊற்றும் மேசைக்கு மேலே, இரண்டு ஆணிகளில் அந்தத் துவக்கு தொங்கியது.

நீளமான துவக்கு. எட்டுப் பட்டைக் குழல். கன்னத்தை வைப்பதற்கு மரத்தில் ஒரு வளைவு. அடியில் இருக்கும் நெம்பை இழுத்தால் பின்பக்கத்து இரும்புக் கட்டி கீழே இறங்கும். ஒரு ரவையை விரலால் உள்ளே தள்ளி நெம்பை மூட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு ரவைதான், அதற்கு மேல் இடமில்லை. நூறு வயதைத் தாண்டியது. வேட்டைக்கும் சண்டைக்கும் செய்ததல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையைச் சுடுவதற்கென்றே செய்தது. எனக்கு அது பிடித்துவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

இந்த "ஏன்" என்ற கேள்வியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். கழகத்தில் சேர்ந்து, ஆயுத அனுமதி எடுத்து, பிறகு ரவை செய்யும் வகுப்புக்கும் போய் வெடிமருந்து அனுமதியும் எடுத்தேன். அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், டெர்மின் என்கிற சந்திப்பு நேரம், திரும்பவும் அன்ட்ராக். ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து, மருந்து வைக்கும் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் சனம்தான் கேட்டது. ஒரு பிறந்தநாள் விழாவில், மண்டபம் நிறைய ஆட்களுக்கு நடுவில், என் கணவரின் அக்கா கேட்டார்.

"மச்சாள், துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீர் காசு குடுத்துத் துவக்குத் தூக்கித் திரியிறீராம். உண்மையோ?"

"ஓம், உண்மை."

"சனம் என்ன கதைக்கும்?"

"நான் ஓடி வந்தது துவக்கு வைச்சிருந்த ஆக்களுக்குப் பயந்து, மச்சாள். துவக்குக்குப் பயந்தில்லை. நீங்கள் ரோல்ஸைச் சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

அதன் பிறகு ஒரு வருடம் அவர் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

மறுபக்கம் கழகத்தின் தலைவர். ஓய்வுபெற்ற காப்புறுதிக்காரர். எல்லாவற்றுக்கும் பல்லைக் காட்டுவார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு என்னைப் படம் எடுக்க வேண்டும் என்று நின்றார். அகதியாக வந்த பெண் ஜேர்மன் பாரம்பரியத்தில் கலந்த கதை வேண்டுமாம். நான் கலக்கவில்லை, பலகையைச் சுடுகிறேன், படமெல்லாம் வேண்டாம் என்றேன். அதிலிருந்து அவருக்கு என்னைக் கண்டால் பல் தெரிவது நின்றுவிட்டது.

அந்த வருடம் குளிர் முடியும் நேரத்தில் ஆயுதப் பரிசோதனைக்கு அதிகாரிகள் வந்தார்கள். சுவரில் தொங்குவது சுடக்கூடிய துவக்கு, அதை இரும்புப் பெட்டிக்குள் பூட்டு என்றார்கள். சரியான பேச்சு. ஆனால் தலைவருக்குச் சுவர் அழகாக இருக்க வேண்டும். கூட்டத்தில் எழுந்து, குழலை வெட்டி உள்ளே வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் அது வெறும் அலங்காரப் பொருளாகிவிடும், பிறகு எவ்வளவு காலமும் தொங்கலாம் என்றார். அவர் பேசியது ஜேர்மனில். எனக்கு எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில் பேசுவது போலத்தான் கேட்கும். அப்படியே எழுதுகிறேன்.

"ஆர் அதிலை சுடுறது? கடையிலை ரவை இல்லை. குழலும் தேஞ்சு போச்சு. பழசு பழசுதான்."

"தேஞ்சு போச்செண்டு ஆர் பாத்தது?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது. நான் ரவை செய்யிறன். நான் அதைச் சுட வைக்கிறன்."

மேசையில் சிரிப்பு. சூட்டுத்தளப் பொறுப்பாளர், பெரிய மீசை வைத்த முன்னாள் கொல்லர், அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் எனக்காகப் பேசவும் இல்லை. தலைவர் கையை உயர்த்தினார்.

"சரி. இலையுதிர் காலத்துச் சூட்டு விழாவிலை, நூறு மீற்றரிலை பத்து ரவை. பத்தும் பலகையின்ரை கறுப்பு வட்டத்துக்குள்ளை விழவேணும். ஒண்டு வெளியிலை போனாலும் குழலை அடைக்கிறம். சம்மதமோ?"

"சம்மதம்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். அதற்காக வருத்தப்பட்டதில்லை.

எனவே அந்த வசந்தமும் கோடையும் முழுக்க என் வேலை அந்தத் துவக்குக்கு ஏற்ற ரவையைக் கண்டுபிடிப்பது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரவை என்பது பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பற்ற வைக்கும் ஒரு சின்னக் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் ஈயக் குண்டு. கோதை மீண்டும் மீண்டும் பாவிக்கலாம். குண்டை ஈயம் உருக்கி அச்சில் ஊற்றி நாமே வார்க்கலாம். குண்டைச் சுற்றியுள்ள வரிகளில் கொழுப்புப் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் குழலில் தீய்ந்து ஒட்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

வீட்டுக்குப் பின்னால், திறந்த வெளியில், ஒரு பழைய அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு போனபோது கணவர் வாசலில் நின்றார். அவர் ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல் வேலை. சட்டி பானைகளில் கை வைத்தால் பொறுக்கமாட்டார்.

"அது இடியப்ப மா வறுக்கிற சட்டியெல்லே?"

"இனி இல்லை."

"ஈயம் உருக்கிப்போட்டுத் திருப்பி அடுப்படிக்குக் கொண்டு வராதையும். சொல்லிப்போட்டன்."

"கொண்டு வரன். உங்களுக்குப் புதுசு ஒண்டு வாங்கித் தாறன்."

"அலுமினியத்திலை ஈயம் உருக்கக் கூடாதாம். வலைத்தளத்திலை போட்டிருக்கு."

அவர் சொன்னது சரி. இரும்புச் சட்டி வாங்கினேன். அலுமினியச் சட்டியும் திரும்பி அடுப்படிக்குப் போகவில்லை. அதில் ஈயம் படவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

முதல் ஈயம் மீசைக்காரர் தந்தது. ஒரு பழைய அச்சுக்கூடத்தின் ஈய எழுத்துகள். இரும்பு போலக் கடினம். "கடினமா இருந்தால்தான் நேரா போகும்" என்றார். கழகத்தில் எல்லாருக்கும் அதே எண்ணம். கழகத்துப் பெட்டியில் கிடந்த பழைய அச்சில் வார்த்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று வந்தன. சுட்டேன். நூறு மீற்றரில் பலகையின் மூலைகளில் மூன்று ஓட்டைகள், மற்றவை எங்கே என்று தெரியவில்லை. விழுந்தவையும் வட்டமாக விழவில்லை, சாவி நுழையும் ஓட்டை போல நீளமாகக் கிழித்திருந்தன. குண்டு போகும் வழியிலேயே குட்டிக்கரணம் அடித்திருக்கிறது. குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் வெள்ளி வெள்ளியாக ஈயம் ஒட்டியிருந்தது.

"பாத்தனியோ?" என்றார் தலைவர். "தேஞ்சு போன குழல்."

பஸ் ஓட்டும்போது சில பயணிகள் இப்படித்தான். பஸ் பிந்தினால் சாரதி சோம்பேறி. முன்னால் பாதையை வெட்டிப் போட்டிருப்பது கண்ணில் படாது. அடுத்த நாள் கழகத்தில், கூரை வேலைக்காரர் ஒருவர் தந்த மென்மையான ஈயத் தகட்டில் ஒரு துண்டை உருட்டி, குழலின் வாயில் வைத்து, தடியால் மெதுவாக மறுமுனை வரைக்கும் தள்ளினேன். இப்படித் தள்ளினால் அந்தத் துண்டு குழலின் உட்புறத்தை அப்படியே அச்சுப் பிடித்துக்கொள்ளும். போகும்போது கையில் அழுத்தம் ஓரிடத்திலும் குறையவில்லை, கூடவுமில்லை. வெளியே எடுத்தால், உள்ளே திருகிச் செல்லும் வரிகளின் விளிம்பு கத்தி போல அதில் பதிந்திருந்தது. தேய்ந்த குழல் இப்படி அச்சுத் தராது. அளவுகோலை வைத்தேன். கழகத்து அச்சில் வார்த்த குண்டைவிடக் குழல் பெரிது. தேய்ந்ததால் அல்ல. பிறக்கும்போதே பெரிதாகப் பிறந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கைவினைக்காரனும் தன் அளவில்தான் குழல் துளைத்திருக்கிறான். இவ்வளவு காலமும் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அளக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்த அளவைக் கொடுத்துப் புதிய அச்சு ஒன்று செய்வித்தேன். கடினமான எழுத்து ஈயத்தை மீசைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன், வேண்டாமோ?"

"உங்கடை ஈயம் விறைச்ச ஈயம். அது குழலுக்கு வளைஞ்சு குடுக்காது. எனக்கு மெதுவானது வேணும். மருந்து பின்னாலை அடிக்கேக்கை அது கொஞ்சம் பருத்துக் குழலை நிரப்பும்."

"ஆர் சொன்னது?"

"குழல் சொன்னது."

மீசையைத் தடவிக்கொண்டு போனார். கூரை ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்தால் அச்சின் மூலைகள் நன்றாக நிரம்பும். அப்படி வார்த்தேன். சுருக்கம் விழுந்த குண்டுகளையெல்லாம் திரும்பச் சட்டிக்குள் போட்டேன். பாதிக்கு மேல் திரும்பப் போனது.

அடுத்தது கொழுப்பு. இங்கேதான் நான் சறுக்கினேன்.

இங்கே எல்லாரும் தேன்மெழுகில் மாட்டுக் கொழுப்பைக் கலப்பார்கள். எங்கள் வீட்டுச் சட்டிக்குள் மாடு வராது. துவக்குக்காக அந்த வழக்கத்தை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. மாட்டுக்குப் பதிலாக என்ன? குளியலறை யன்னலில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்தது. முப்பது வருடமாக இந்த நாட்டில் நான் கண்ட தேங்காயெண்ணெய் வெள்ளைக் கட்டிதான். தலைக்கு வைப்பதானால் போத்தலை ஹீற்றருக்கு மேலே நிறுத்திவைக்க வேண்டும், அவசரமென்றால் கத்தியால் குத்தி எடுக்க வேண்டும். என் மூளைக்குள் தேங்காயெண்ணெய் என்பது மெழுகு மாதிரி ஒரு சாமான் ஆகிவிட்டது. தேன்மெழுகோடு உருக்கிக் குண்டில் பூசினேன். அழகாக இறுகியது. மணமாகவும் இருந்தது.

வசந்த காலத்தில் சுட்டேன். ஓட்டைகள் வட்டமாக விழுந்தன. நெருங்கின. இன்னும் கொஞ்சம் நெருங்கின. குழலுக்குள் ஒரு பொட்டு ஈயம்கூட ஒட்டவில்லை. மீசைக்காரர் தூரக்கண்ணாடியால் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பிறகு ஜூன் மாதம் வெயில் வந்தது. பஸ்ஸுக்குள் பயணிகள் பத்திரிகையால் விசிறினார்கள். வேலை முடித்து, சட்டப்படி பூட்டிய பெட்டியில் ரவைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கழகத்துக்குப் போனேன். காரின் உள்ளே அடுப்பு. முதல் ரவை பலகைக்கு முன்னால் மண்ணில் புழுதி கிளப்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இடிக்கவே இல்லை, பழைய பலூன் உடைந்தது மாதிரி ஒரு சத்தம். நான் நெம்பைத் திறந்துவிட்டு அடுத்த ரவையைப் போடவில்லை. குழலுக்குள் பார்த்தேன். இருட்டு. குண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும், என் முகமும்தான்.

தலைவர் சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்றார். அந்த ஆளுக்கு அதற்கென்றே ஒரு மூக்கு.

"போதும். வெல்டிங்காரனுக்கு டெர்மின் எடுக்கிறன்."

"விழா முடிய எடுங்கோ."

"ஆளைக் கொல்லுற சாமான் இது."

"துவக்கிலை பிழையில்லை. ரவையிலை பிழை. ரவை என்ரை. விழா முடிய எடுங்கோ எண்டு சொன்னனான்."

நின்ற குண்டைத் தடியால் தள்ளி எடுத்துவிட்டு, மிச்ச ரவைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒன்றைப் பிரித்தேன். மருந்து தூளாகக் கொட்ட வேண்டும். கொட்டவில்லை. நனைந்த தேயிலை போலக் கட்டியாக விழுந்தது. கணவர் குசினி வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"என்னப்பா, ஆரோ தலைக்கு எண்ணெய் வைச்ச மாதிரி மணக்குது."

பிரித்த குண்டை அவருடைய மூக்கடியில் நீட்டினேன்.

"தேங்காயெண்ணெயோ விட்டனீர்? ஐயோ கடவுளே! வெயிலுக்குத் தேங்காயெண்ணெய் தண்ணியாப் போகுமெண்டு யாழ்ப்பாணத்திலை பிறந்த உமக்கு நான் சொல்லித் தரவேணுமோ?"

"இஞ்சை எப்பவும் கட்டியாத்தானே கிடக்கு!"

"இது ஜேர்மன்காரன்ரை கதை. நீர் இப்ப முழு ஜேர்மன்காரி."

அவர் கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது? உருகிய எண்ணெய் குண்டின் வரிகளிலிருந்து வழிந்து மருந்துக்குள் இறங்கியிருக்கிறது. ஜேர்மன்காரன் இந்தப் பிழையை விடமாட்டான், அவனிடம் தேங்காயெண்ணெய் இல்லை. ஊரில் இருப்பவனும் விடமாட்டான், அவனுடைய போத்தலில் அது எப்போதும் தண்ணீர். இடையில் நிற்கும் எங்களுக்குத்தான் இது வாய்க்கும்.

"ஆடு சாப்பிடுறம்தானே" என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆட்டுக் கொழுப்பு விறைச்சால் கல்லு. நான் இறைச்சி கழுவேக்கை தண்ணிக் குழாயே அடைக்கும்."

துருக்கிக்காரரின் இறைச்சிக் கடையில் எப்போதும் பங்கு இறைச்சி வாங்கும் ஆள் நான். செம்மறியின் கொழுப்பு மட்டும் வேண்டும் என்றதும் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"கொழுப்பு மட்டும் என்னத்துக்கு அக்கா?"

"துவக்குக்கு."

"சாப்பிடவோ, சுடவோ?"

"சுட."

ஒரு பை நிறையச் சும்மா தந்தார். யாரைச் சுடப் போகிறேன் என்று கேட்கவில்லை. நல்ல மனிதர். அதை வீட்டுக்குப் பின்னால் உருக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி யன்னல்களை எல்லாம் அடித்துச் சாத்தினாள். சாத்தட்டும். வடித்து எடுத்த கொழுப்பைத் தேன்மெழுகோடு கலந்து, பூசிய குண்டுகளை வெயிலில் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஆனாலும் இனி நான் எந்தக் கொழுப்பையும் நம்பத் தயாரில்லை. பால் வரும் காகிதப் பெட்டியிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி, ஒவ்வொரு கோதிலும் மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் ஒரு வட்டத்தை அழுத்தி வைத்தேன். கொழுப்பு உருகினாலும் மருந்தைத் தொடாது. பிறகு மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சுட்டு, ஓட்டைகள் எந்த அளவில் மிகவும் நெருங்குகின்றன என்று பார்த்து, அந்த அளவில் நிறுத்திக்கொண்டேன். இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வார், பூசு, சுடு, குழலைத் துடை, திரும்பவும் வார். கந்தகப் புகையில் என் உடுப்பெல்லாம் அழுகிய முட்டை போல மணத்தது.

விழா நாளில் வெயில் எறித்தது. எனக்கு வாய்க்கும் நாட்கள் இப்படித்தான். மேசைகள், பியர், பொரித்த சொசேஜ், ஊதுகுழல் வாத்தியக் கூட்டம். கணவர் தனக்குத் தெரியாத ஆட்களோடு நின்று, தனக்குத் தெரியாத துவக்கைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் வெல்டிங்காரனையும் விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார். அந்த ஆள் சொசேஜோடு நின்றான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நான் அசைக்கவில்லை.

மேசையில் துவக்கைச் சாய்த்து உட்கார்ந்தேன். வெள்ளைப் புகை ஒவ்வொரு சூட்டுக்கும் எழுந்து என் மேல் விழுந்தது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் குழலைத் துடைத்தேன். அவசரப்படுத்தினார்கள். பஸ்ஸிலும் அவசரப்படுத்துவார்கள், நான் கதவு சாத்தாமல் எடுப்பதில்லை. ஒன்பது சுட்டேன். ஒன்பதும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். பத்தாவதில் விசையை விரல் முழுதாக அழுத்துவதற்கு முன்னால் வாத்தியக்காரன் பெரிய மேளத்தை ஒரு அடி அடித்தான். என் தோள் ஆடியது. அதுவும் எனக்குத் தெரியும்.

பலகையைக் கொண்டு வந்தார்கள். ஒன்பது ஓட்டைகள் கறுப்புக்குள், ஒரு கை அகலத்துக்குள். பத்தாவது ஓட்டை கறுப்பின் ஓரத்தில், வெள்ளையில்.

"ஒம்பது" என்றார் தலைவர். குரலில் சந்தோசத்தை மறைக்கக்கூட இல்லை. "துக்கமாத்தான் இருக்கு. ஒண்டு வெளியிலை."

"அளந்து பாருங்கோ" என்றேன்.

கழகத்தின் விதிகள் கண்ணாடிச் சட்டம் போட்டு அதே சுவரில் தொங்குகின்றன. ஓட்டையின் விளிம்பு கறுப்பைத் தொட்டாலே உள்ளே. அது அவர்கள் எழுதிய விதி, நான் எழுதவில்லை. மீசைக்காரர் ஓட்டை அளக்கும் சின்ன உருளையை எடுத்து ஓட்டைக்குள் செருகினார். அது உள்ளே தளர்வாக ஆடியது. அதன் விளிம்புக்கும் கறுப்புக்கும் இடையில் ஒரு மயிர் அளவு வெள்ளை தெரிந்தது.

"தொடேல்லை" என்றார் தலைவர்.

"அந்த உருளை ஆரின்ரை அளவு?"

"இந்த ரகத்துத் துவக்கெல்லாத்துக்கும் பொதுவான அளவு."

"பொது அளவிலை வார்த்த குண்டு இந்தக் குழலிலை குட்டிக்கரணம் அடிச்சது. நீங்கள்தானே பாத்தனீங்கள்? இது பெரிய குழல். நான் சுட்டது பெரிய குண்டு. வேறை ஒருத்தன்ரை செருப்பைக் கொண்டு வந்து என்ரை கால் அடையாளத்தை அளக்கிறியளோ?"

சட்டைப் பையிலிருந்து மிச்சம் இருந்த குண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். மீசைக்காரர் தலைவரைப் பார்க்கவில்லை. குண்டை எடுத்தார், அளவுகோலால் ஒரு தடவை அளந்தார், பிறகு மெதுவாக ஓட்டைக்குள் செருகினார். அது ஆடவில்லை. கச்சிதமாக நின்றது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். வாத்தியக் கூட்டமும் அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தது. அந்த மேளக்காரன் அதைக் கொஞ்சம் முதல் செய்திருக்கலாம்.

"தொடுது" என்றார்.

"வடிவாப் பார்" என்றார் தலைவர்.

"நான் கொல்லன். வடிவாத்தான் பாக்கிறன். தொடுது. பத்து."

வெல்டிங்காரன் இரண்டாவது சொசேஜுக்குப் போனான்.

துவக்கு இப்போது கழகத்தின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, குழல் திறந்தபடி. சுவரில் இரண்டு ஆணிகள் வெறுமனே நிற்கின்றன. ஏதாவது தொங்கவிடுங்கள் என்று தலைவருக்குப் பலர் சொல்லியும் அவர் விடவில்லை. என்னைக் கோபப்படுத்தத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த வெறும் ஆணிகளைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

போன மாதம் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கக்கூசுக்குப் போய் வரும்போது தலைவர் வழியை மறித்தார். காலைத் தரையில் தேய்த்தார்.

"அந்தத் துவக்கிலை நானும் ஒருக்காச் சுட்டுப் பாக்கலாமெண்டு..."

"சுடுங்கோ. கழகத்தின்ரை துவக்குத்தானே?"

"ரவைதான் இல்லை. நீர் கொஞ்சம் செய்து தந்தால்..."

"ஏலாது. என்ரை அனுமதியிலை என்ரை பாவிப்புக்குத்தான் செய்யலாம். வகுப்புக்குப் போங்கோ, சோதனை எடுங்கோ, அன்ட்ராக் போடுங்கோ. அச்சை இரவல் தாறன்."

"அந்த வகுப்பு வலு கஷ்டமாம்."

"ஓம், கஷ்டம்தான்" என்றேன். "ஆட்டுக் கொழுப்பு எங்கை வாங்கிறதெண்டு பிறகு சொல்லுறன். இப்ப தள்ளி நில்லுங்கோ, பஸ் எடுக்கவேணும்."